எடிட்டிங் சிஸ்டத்தில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் புது சிஸ்டம் வாங்கக் கிளம்பினால் முதல் கேள்வியே “இன்டெல் ப்ராசஸரில் ஐ7 போடவா, ஐ9 போடவா” என்பதுதான். அதைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால், இப்போது இருக்கிற சிஸ்டத்தில் இருப்பதிலேயே கனமான ப்ராஜெக்ட்டைத் திறந்து, பக்கத்தில், எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டுகிற விண்டோஸ் டாஸ்க் மேனேஜரையும் ஓடவிட்டு, எங்கே மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். ராம் 95 சதவீதத்தில் நின்றால் ராம் போதவில்லை. டிஸ்க் 100-லேயே நின்றால், ஹார்டு டிஸ்க்கில் ஃபுட்டேஜை வைத்து எடிட் செய்துகொண்டிருக்கிறீர்கள், அதற்கு ஒரு எஸ்எஸ்டி போதும்.

ப்ராசஸருக்கு மட்டும் மொத்த சதவீதத்தை நம்ப வேண்டாம். 8 கோர் (வேலை செய்கிற மூளைகள்), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்) உள்ளதில் ஒரே ஒரு த்ரெட் முழுமூச்சில் ஓடினாலும் மொத்தக் கணக்கு 6 சதவீதம்தான் காட்டும். கிராஃபில் ரைட் கிளிக் செய்து ஒவ்வொரு த்ரெட்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் உச்சியில் நிற்கிறதென்றால், கூடுதல் கோருக்குக் கொடுக்கிற காசு வீண், வேகமான கோர்தான் தேவை.

அப்புறம், எந்தக் காத்திருப்புக்குக் காசு கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அது 50 நிமிடம் ஆனால் என்ன, 35 ஆனால் என்ன? ஆனால் டைம்லைனில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நொடி திக்கினால், நாளைக்கு 1,000 கட்டுக்குப் பதினேழு நிமிடம் போச்சு, கூடவே எரிச்சலும். நான் காசு கொடுப்பது இதற்குத்தான்.

இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். கொஞ்சம் விலை குறைகிறதே என்று பெயர் ‘எஃப்’ என்று முடிகிற இன்டெல் ப்ராசஸரை வாங்கினேன். அதில் உள்ளேயே இருக்க வேண்டிய கிராஃபிக்ஸ் கிடையாது, அதோடு, சுருக்கிய வீடியோவை வேகமாக விரித்துக் காட்டுகிற க்விக் சிங்க் வசதியும் போய்விடும். சோனி ஏ7 4 கேமராவில் எடுத்த 10 பிட் 4:2:2 ஹெச்.265 ஃபுட்டேஜை (நிற விவரம் அதிகம், சுருக்கமும் அதிகம்) போட்டால் தாலி கட்டுகிற காட்சி படம் படமாக நகர்ந்தது. பக்கத்தில் இருந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராஃபிக்ஸ் கார்டும் உதவவில்லை, ஏனென்றால் என்விடியாவில் 4:2:2 வீடியோவை விரிக்கிற டீகோடிங் வசதி 2025-இல் வந்த 50 வரிசையில்தான் ஆரம்பம். மிச்சமானது இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை, சீசன் முழுக்க ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிற லேசான நகல்) செய்தே ஓட்டினேன். சரி, கையில் காசே இல்லாதவர்களுக்கும் அந்த ப்ராக்ஸிதான் வழி.

கேபினெட், கலர் லைட், விலையுயர்ந்த மதர்போர்டு, இவற்றில் தாராளமாகக் குறைக்கலாம். எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுக்கிற பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் வேண்டாம். 32 ஜிபி ராம் வேண்டுமென்றால் 16 ஜிபி இரண்டாகப் போடுங்கள், டூயல் சேனல் கிடைக்கும், அதாவது இரண்டு வழியில் டேட்டா போய்வரும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொட்டேஷன் வாங்கும்போது “500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்” என்று மொட்டையாக எழுதினால் கம்பெனி பெயரையும் மாடல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்த விலையா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.