வெனிஸ் பாக்கரோவில் சாப்பிடுவது எப்படி: கவுண்டர் முதல் பில் வரை

வெனிஸில் பாக்கரோ என்பது ஒயினும், அதோடு கடித்துக்கொள்ள 'சிக்கெட்டி' என்ற ஓரிரு வாய்ச் சிறுதீனியும் விற்கும் சின்னக் கடை. அங்கே சர்வீஸ் மோசம் என்று புலம்புகிறவர்களில் பலர், உட்கார்ந்த இடத்துக்குச் சர்வர் வருவார் என்று காத்திருந்தவர்கள். வரமாட்டார். நீங்கள்தான் கவுண்டருக்குப் போக வேண்டும். வரிசையும் இருக்காது, கடைக்காரர் கண்ணில் படும்படி நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் கைகாட்டி, "தூவே தி க்வெஸ்தி" (இதில் இரண்டு) என்றால் போதும். கூச்சப்பட்டால் பின்னால் வந்தவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

பகல் 11 முதல் 1 வரை, மாலை 6 முதல் 8 வரை நல்ல நேரம். ஆளுக்கு இரண்டு மூன்று சிக்கெட்டி, ஒரு 'ஓம்ப்ரா'. ஓம்ப்ரா என்றால் நிழல். இங்கே சின்னக் கிளாஸ் ஒயினுக்கு அதுதான் பெயர். சிக்கெட்டி ஒன்று பெரும்பாலும் 2 முதல் 4 யூரோ. ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல் அடுத்த கடைக்கு நடப்பதுதான் ஊர் வழக்கம்.

எதை எடுப்பது என்பதைப் பெட்டியே சொல்லிவிடும். ரொட்டியின் ஓரம் காய்ந்து மேலே வளைந்திருந்தால் அது காலையில் செய்தது. பாதி காலியான தட்டு வேகமாக விற்கும் தட்டு. 'பொல்பெத்தே' என்ற பொரித்த உருண்டையை மைக்ரோவேவில் சூடாக்கினால் தோல் தொளதொளத்துவிடும். சமையலறையிலிருந்து புதுத் தட்டு வரும்வரை பொறுங்கள். ஊரின் ரியால்டோ மீன் சந்தைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை, புது மீன் வராது. அதனால் திங்களன்று 'சார்தே இன் சாவோர்' கேட்பது புத்திசாலித்தனம்: பொரித்த மத்தி மீன்மேல் வினிகரில் வதக்கிய வெங்காயம், உலர்திராட்சை, பைன் பருப்பு போட்டு ஊறவைப்பது. ஒரு நாளாவது ஊறினால்தான் புளிப்பும் இனிப்பும் ஒன்றுசேரும். வினிகர் மூக்கில் ஏறினால் இன்று செய்ததை இன்றே விற்கிறார்கள் என்று அர்த்தம்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரொட்டிமேல் வெள்ளையாக, வெண்ணெய்போல் தடவியிருப்பதைச் சீஸ் என்று எடுத்துவிடாதீர்கள். அது 'பக்கலா மந்தெகாத்தோ' ஆக இருக்கலாம்: உப்பிடாமல் காற்றில் உலர்த்திய காட் மீன் கருவாட்டை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் விட்டு அடித்துக் குழைத்தது. 'மொசரெல்லா இன் கரோத்சா' என்ற பொரித்த சீஸ் ரொட்டிக்குள்ளும் நெத்திலி ஒளிந்திருக்கலாம். "சென்சா பேஷே, சென்சா கார்னே" (மீன் இல்லாமல், இறைச்சி இல்லாமல்) என்று சொல்லியே வாங்குங்கள். கூனைப்பூ (ஆர்டிசோக்), கத்தரிக்காய், பூசணி வைத்தவை பெரும்பாலும் சைவம்தான்.

வாங்கியதைக் கடை வாசலில் நின்றே சாப்பிடுங்கள். பாலத்துப் படியில் உட்கார்ந்தால் அபராதம் உண்டு. தட்டை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். கடற்காகம் பின்னாலிருந்து வந்து கையிலிருப்பதைக் கொத்திக்கொண்டு போகும்.

மேஜை போட்டு, பல உணவுகளைச் சின்னச் சின்னத் தட்டுகளில் பரிமாறும் ரெஸ்டாரண்ட் வேறு கதை. அங்கே எட்டுத் தட்டையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்தால், சமையலறையில் எது முதலில் தயாரோ அது முதலில் வரும். மேஜையில் இடமிருக்காது, கடைசித் தட்டுக்குக் கை போவதற்குள் பொரித்தது ஆறிப்போகும். முதலில் குளிர்ந்தவை மூன்று சொல்லுங்கள். அவை பாதி தீர்ந்ததும் சூடானவை. கேட்காதது வந்தால் தொடுவதற்கு முன்பே திருப்புங்கள். ஒரு வாய் எடுத்துவிட்டால் பேச்சு எடுபடாது. பில் தானாக வராது. வாடிக்கையாளரை எழுப்பிவிடுவதுபோல் ஆகிவிடும் என்பதால் கொண்டுவர மாட்டார்கள். "இல் கோந்தோ, பெர் ஃபவோரே" என்று கேளுங்கள்.

பில்லில் பார்க்க வேண்டியவை: 'கொப்பெர்தோ' (தலைக்கு இத்தனை யூரோ என்று வாங்கும் மேஜைக் கட்டணம்), 'செர்வித்சியோ' (சதவீதத்தில் வரும் சேவைக் கட்டணம்). மெனுவில் போட்டிருந்தால் இரண்டும் செல்லும். கவனிப்பு மோசம் என்று கழிக்கச் சொல்வதில் பயனில்லை. செர்வித்சியோ பில்லில் சேர்த்திருந்தால் டிப்ஸ் தேவையே இல்லை. ஆளை உண்மையில் கவிழ்ப்பது 'அல்லெத்தோ', அதாவது 100 கிராமுக்கு எழுதிய மீன் விலை. மெனுவில் 8 யூரோ என்று தெரியும் மீன் 900 கிராம் இருந்தால் 72 யூரோ. சமைக்கும் முன் எடையையும் மொத்த விலையையும் கேட்டுவிடுங்கள்.

கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்று கடைக்காரர் சொன்னால் பதறிப்போய் ஏடிஎம் தேடி ஓடாதீர்கள். கார்டை மறுக்கும் கடைக்கு 2022 ஜூன் 30 முதல் இத்தாலியில் அபராதம் உண்டு. "இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்" என்று நிதானமாகச் சொன்னால், மெஷின் பல நேரம் உயிர்பெற்றுவிடும்.