நாகாசெண்டோ நடை: பெங்களூர் அல்சூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

நாகாசெண்டோ முழுவதையும் நடக்க ஆசைப்பட வேண்டாம். ஜப்பானில் எடோ காலத்தில் (1603–1868) இன்றைய டோக்கியோவையும் கியோட்டோவையும் மலை வழியாக இணைத்த சாலை அது. சுமார் 530 கிலோமீட்டர், வழியில் 69 தங்கல் ஊர்கள். லீவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நமக்கு, கிசோ பள்ளத்தாக்கில் மாகோமேயிலிருந்து சுமாகோ வரை உள்ள 8 கிலோமீட்டர் போதும். மூன்று மணி நேரம் ஆகும். படம் பிடிக்க நின்றால் இன்னும் கூட.

திசை முக்கியம். மாகோமே ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சுமாகோ 420 மீட்டரில், நடுவில் உள்ள கணவாய் 801 மீட்டரில். மாகோமேயில் தொடங்கினால் ஏற்றம் முதல் இரண்டு கிலோமீட்டரோடு முடிந்துவிடும். எதிர்த்திசையில் வந்தால் ஏற்றம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் நம் வழியில் இறக்கம் நீளம், முட்டிக்கு அதுதான் சோதனை. என் நாத்தனாருக்கு முட்டிவலி உண்டு. அவருக்கு ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்து, பெங்களூர் பக்கத்து நந்தி மலையில் சுல்தான்பேட்டைப் படிகளில் இறங்கிப் பழக வைத்தேன். ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்கு மட்டும் கால். அங்கேயும் அதே தந்திரம் செல்லும்: மாகோமேயிலிருந்து நாகிசோ போகும் பஸ் கணவாயில் நிற்கிறது, அங்கே இறங்கி நடக்கலாம்.

பெங்களூரிலிருந்து டோக்கியோ நரிடாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து டோக்கியோ நகருக்குள் போய்ப் புல்லட் ரயிலில் நகோயா, அப்புறம் ஷினானோ விரைவு ரயிலில் ஐம்பது நிமிடத்தில் நகட்சுகாவா, பிறகு மாகோமேக்கு அரை மணி நேர பஸ். பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க முடியாது. மாகோமே தகவல் மையத்தில் காலையில் கொடுத்தால் சுமாகோவில் சேர்த்துவிடுவார்கள். காசு வாங்குவார்கள், ஆனால் முதுகுக்கு அது லாபம். எந்த மாதங்களில் இந்த வசதி உண்டு, எத்தனை மணிக்குள் பெட்டியைக் கொடுக்க வேண்டும் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வழியில் கரடியை விரட்டக் கட்டிய மணிகள் தொங்கும், வெட்கப்படாமல் அடியுங்கள். கணவாய் தாண்டியதும் பழைய தேநீர்க் கடை ஒன்று. தன்னார்வலர்கள் இலவசமாகத் தேநீர் தருகிறார்கள், உண்டியல் இருக்கும். இருபுறமும் நிற்பவற்றில் ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரம் பேர்போனது. அந்தக் காலத்தில் அதை வெட்டியவனுக்கு மரண தண்டனை. ஒரு மரத்துக்கு ஒரு தலை என்பார்களாம்.

கடலோரமாக தோக்கைடோ என்ற சாலை இருந்தும் மக்கள் ஏன் மலையேறினார்கள்? அங்கே ஆறுகள். ஓய் ஆற்றில் பாலம் கட்டவே அனுமதியில்லை, வெள்ளம் வந்தால் நாள் கணக்கில் கரையில் காத்திருக்க வேண்டும். மலைவழி நீளம்தான், ஆனால் அந்தத் தொல்லை குறைவு. 1861இல் ஷோகுனை, அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவரை, மணக்கப் போன இளவரசி கஸுனோமியாவின் ஊர்வலமும் இந்த வழியாகத்தான் போனது.

மாகோமே 1895, 1915 தீ விபத்துகளில் எரிந்து, பிறகு மறுபடி கட்டிய ஊர். அழகான ஊர்தான், ஆனால் எனக்குச் சுமாகோதான் பிடித்தது. விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே என்று ஊர்க்காரர்களே விதி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். பகலில் பெரிய தெருவில் கார் வராது. ஊர் வாசலில் தெரு திடீரென்று மடங்கும். எதிரி நேராக ஓடி வர முடியாதபடி செய்த ஏற்பாடு. 1877இல் ஹினோகியால் கட்டிய வாகி-ஹோன்ஜின் (பிரமுகர்களுக்கான துணை விடுதி) வீட்டை அவசியம் பாருங்கள்.

இரவு சுமாகோவிலேயே தங்குங்கள். மாலை ஐந்தோடு கடைகள் மூடிவிடும், பகல் கூட்டம் போய்விடும், தெரு உங்களுடையது. மின்ஷுகு என்னும் வீட்டு விடுதிகளில் இரவுச் சாப்பாடும் சேர்த்தே தருவார்கள். சைவக்காரர்கள் இங்கே உஷார்: ஆற்று மீன் நிச்சயம், குதிரை இறைச்சிகூட வரலாம். சோபா நூடுல்ஸ் பார்க்கச் சைவம், அதன் சாற்றில் மீன் இருக்கும். “இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம்” என்று முன்பதிவு செய்யும்போதே ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்புங்கள். வந்து சொன்னால் பாவம், அவர்களால் என்ன செய்ய முடியும்? நாங்கள் பருப்புப் பொடியும் தக்காளித் தொக்கும் கொண்டுபோனோம், வெறும் சோற்றுக்கு அது போதும். பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள். பகலில் கோஹேய் மோச்சி சாப்பிடலாம்: இடித்த சோற்றைக் குச்சியில் பிடித்து, வால்நட்டும் மிசோ என்னும் புளித்த சோயா விழுதும் கலந்து பூசிச் சுடுவது. மீன் இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரொக்கமாக யென் வைத்திருங்கள். பொதுக் குளியல் தொட்டியில் சோப்பு போடக் கூடாது, வெளியே தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஜூன், ஜூலை மழைக்காலம், கல் பாவிய இடங்கள் வழுக்கும். அக்டோபர் கடைசியும் நவம்பர் தொடக்கமும் நல்லது.

மறுநாள் நேரம் இருந்தால் இதே சாலையின் இன்னொரு தங்கல் ஊரான நராய் போங்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஒரே தெரு, மேடு பள்ளம் அதிகமில்லை, நாத்தனார் முகம் மலர்ந்தது அங்கேதான். விரைவு ரயில் பொதுவாக நராயில் நிற்காது. கிசோ-ஃபுகுஷிமாவில் இறங்கி உள்ளூர் ரயில் மாற வேண்டும். வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தை ஸ்டேஷனிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.