தண்டையார்பேட்டையிலிருந்து எம்.இ.: கேட் ஃபார்ம் முதல் ஸ்டைபண்ட் வரை

பி.இ. கடைசி வருஷம் படிக்கிற எங்க ஏரியா பசங்க எம்.இ. பத்திப் பேச வந்தா, முதல்ல கேக்குறது "அண்ணா, எவ்ளோ செலவாகும்?"தான். கேட்ங்கிற தேசிய அளவு இன்ஜினியரிங் தகுதித் தேர்வுல தகுதி பெற்று முழுநேரப் படிப்புல சேர்ந்தா, ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கிற மத்திய அமைப்பு) ஸ்டைபண்டா மாசம் 12,400 ரூபாய் தருது, 24 மாசத்துக்கு. கூட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட 3 லட்சம். கேட் இல்லாம சேர்ந்தா இந்தப் பணம் கிடையாது. அதனாலதான் கேட்டுல இருந்து ஆரம்பிக்கச் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி, ஏன் படிக்கிறோம்னு ஒரு தெளிவு வேணும். காலேஜ்ல பாடம் நடத்தணுமா? எம்.இ. கட்டாயம் வேணும், பி.இ., எம்.இ. ரெண்டுல ஒண்ணுலயாவது ஃபர்ஸ்ட் க்ளாஸும் வேணும். எண்ணூர் அனல்மின் நிலையம், மணலி ரிஃபைனரி, துறைமுகம்னு பாத்து வளந்தவங்களுக்கு பவர் சிஸ்டம்ஸ், கெமிக்கல், ஸ்ட்ரக்சுரல்னு ஆசை வர்றது இயல்பு. வேலை கிடைக்கலன்னு ரெண்டு வருஷத்தைத் தள்ளிப்போடத்தான் சேர்றீங்கன்னா, அதே பேஜாரு ரெண்டு வருஷம் கழிச்சும் அங்கேயே நிக்கும்.

முதல் படி, கேட் விண்ணப்பம். வழக்கமா ஆகஸ்ட், செப்டம்பர்ல திறக்கும், பரீட்சை பிப்ரவரியில. மூணாம் வருஷத்துலயே எழுதலாம், ஸ்கோர் 3 வருஷம் செல்லும். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் குறைவு.

இரண்டாவது, படிப்பு. 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். அதுல ஆப்டிட்யூட் 15, பெரும்பாலான இன்ஜினியரிங் பேப்பர்ல மேத்ஸ் 13. ஆக உங்க டிபார்ட்மென்ட் பாடத்தைத் தொடாமலே 28 மார்க். நம்ம பசங்க இதைத்தான் கடைசி வாரத்துக்குத் தள்ளுவாங்க. நாலு பதில்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற கேள்வி தப்பானா 1 மார்க்குக்கு மூணுல ஒரு பங்கு, 2 மார்க்குக்கு மூணுல ரெண்டு பங்கு போயிடும். எண்ணை நாமே டைப் பண்ற கேள்வியில மைனஸ் கிடையாது, ஒண்ணையும் காலியா விடாதீங்க. சொந்த கால்குலேட்டர் உள்ள எடுத்துட்டுப் போக முடியாது, ஸ்க்ரீன்ல மவுஸால தட்டணும். வீட்லயே அதுல பழகுங்க. பாடத்துக்கு ஐஐடிகள் நடத்துற என்பிடெல் இலவச வீடியோ போதும்.

மூணாவது, சான்றிதழ். இங்கதான் நான் வழுக்கி விழுந்தேன். கையில எம்பிசி சாதிச் சான்றிதழ் இருக்கேன்னு என்ஐடி கவுன்சலிங்ல ஓபிசி (மத்திய அரசோட பிற்படுத்தப்பட்டோர் பிரிவு) போட்டேன். சரிபார்ப்புல செல்லாதுன்னு பொதுப் பிரிவுக்கு மாத்திட்டாங்க. மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஓபிசி நான்-க்ரீமி லேயர் சான்றிதழ்னு (ஓபிசியில வசதி படைச்ச பிரிவுல வரலன்னு காட்டுறது) தனியா ஒண்ணு, மத்திய அரசு படிவத்துல வேணும். நம்ம பிசி, எம்பிசி அட்டை தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக்கு மட்டும்தான். இ-சேவையில விண்ணப்பிச்சு, கவுன்சலிங் கேக்குற தேதிக்குள்ள வர்ற மாதிரி பாத்துக்குங்க.

நாலாவது, கவுன்சலிங். என்ஐடிக்கு சிசிஎம்டிங்கிற பொதுக் கவுன்சலிங். ஐஐடிக்கு ஒவ்வொரு ஐஐடியிலயும் தனியா விண்ணப்பம், கூடவே ஐஐடி சீட் ஆஃபரை ஏத்துக்கிற பொதுத் தளமான சிஓஏபியில பதிவு. அண்ணா பல்கலைக்கழகத் துறைகள், அரசு காலேஜ்கள், தனியார் காலேஜ்ல இருக்கிற அரசு ஒதுக்கீடு எல்லாம் டான்காங்கிற தமிழ்நாட்டு எம்.இ. கவுன்சலிங் வழியா. அங்க கேட் ஸ்கோருக்கு முன்னுரிமை, அப்புறம்தான் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துற சீட்டா பிஜி தேர்வு ஸ்கோர். முன்னாடி எம்பிஏ, எம்சிஏவுக்கும் சேர்த்து நடந்த டான்செட் தேர்வோட இருந்த இந்த எம்.இ. நுழைவுத் தேர்வை 2023ல தனியாப் பிரிச்சாங்க. கேட் சொதப்பினாலும் படிக்க வழி இருக்கட்டும்னு இதையும் எழுதிடுங்க. கிண்டி காலேஜ் கிடைச்சா ஹாஸ்டல் செலவே வேணாம். விம்கோ நகர்ல ஏறினாலும் வண்ணாரப்பேட்டையில ஏறினாலும் ஒரே மெட்ரோ, மாறாம சின்னமலை.

சேர்ந்ததும் காலேஜ்ல ஏஐசிடிஇ தளத்துக்கான ஐடி வாங்கி ஸ்டைபண்டுக்குப் பதிவு பண்ணணும். அப்பாவோட ஜாயின்ட் அக்கவுன்ட் செல்லாது, வரவுக்கு உச்சவரம்பு வெச்ச அக்கவுன்ட்டும் செல்லாது. உங்க பேர்ல தனி சேமிப்புக் கணக்கு, ஆதார் இணைச்சது வேணும். வாரம் 8லிருந்து 10 மணி நேரம் லேப், ட்யூட்டோரியல் வேலை தருவாங்க, அதைச் செஞ்சாத்தான் காலேஜ் மாசாமாசம் உறுதி பண்ணும். முதல் மாசமே பணம் விழும்னு எண்ணிட்டு வீட்ல சொல்லி வெக்காதீங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு மெட்ரோ காசை முன்னாடியே எடுத்து வைங்க.