வேர் சிகிச்சை: வலி நின்றதும் நாம் செய்யும் தவறுகள்

பல்வலியால் இரண்டு இரவுகள் உறங்காமல் தவித்தவருக்கு மூன்றாம் நாள் வலி தானாகவே நின்றுவிட்டால், பல் சரியாகிவிட்டது என்றுதான் தோன்றும். பல்லுக்குள் கெட்டுப்போன திசுவை அகற்றிச் சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை (ரூட் கேனால்) விஷயத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நிம்மதியிலிருந்துதான் தொடங்குகின்றன.

பல்லின் மேற்புறம் எனாமல், அதனுள் டென்டின், நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ். உடம்பில் வேறெங்கு வீக்கம் வந்தாலும் சதை விரிந்து இடங்கொடுக்கும்; பற்கூழைச் சுற்றியிருப்பதோ கல் போன்ற சுவர். சொத்தை வழியாகக் கிருமிகள் கூழை எட்டி அது வீங்கத் தொடங்கியதும், உள்ளழுத்தம் ஏறி நரம்பை நெரிக்கிறது. படுத்தால் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடுவதால் இரவில் வலி இன்னும் கடுமையாகிறது. பிறகு நரம்பு செத்துவிட்டால் வலியும் அடங்கிவிடும். கிருமிகள் மட்டும் அங்கேயே இருந்து, வேர் நுனியின் துளை வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கி, எலும்பை மெல்ல அரித்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து ஈறில் சீழ்க் கொப்புளமாகத் தலைகாட்டும்.

ஆகவே கூச்சம் என்ற முதல் எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது. குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று கூசிச் சில விநாடிகளில் மறைந்துவிட்டால், பெரும்பாலும் சொத்தையை அகற்றி அடைத்தாலே போதும். வேர் சிகிச்சைக்கே தேவை இராது. தண்ணீரை விழுங்கிய பின்னும் வலி நிமிடக் கணக்கில் நீடிப்பதும், சூடான காப்பி பட்டால் வலிப்பதும், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுவதும் கூழ் மீள முடியாத நிலைக்குப் போய்விட்டதைக் காட்டும் அறிகுறிகள்.

மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது அடுத்த தவறு. மாத்திரை இரத்தத்தின் வழியாகத்தான் பயணம் செய்கிறது. செத்த கூழுக்குள் இரத்த ஓட்டமே கிடையாது என்பதால் மருந்து அங்கே போய்ச் சேர்வதில்லை. எலும்புப் பக்கத்து வீக்கம் சற்று வடியலாம், ஆனால் கிருமிகளின் கிடங்கு பல்லுக்குள் அப்படியே இருக்கும். கிராம்பு எண்ணெய் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். திரும்பத் திரும்பத் தடவினால் ஈறு வெந்துவிடும். வலிக்கிற பல்லில் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். தாடைக்குக் கீழே வீங்கி, வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால், அது உயிருக்கே ஆபத்தான நிலை. அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மேல்வரிசைப் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும் என்ற அச்சத்தால் சிகிச்சையைத் தவிர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. ஊசி போடுவார்கள் என்று வெறும் வயிற்றோடு போவதும் வேண்டாம். மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாதவரை, சர்க்கரை நோயாளிகள் உட்பட எல்லோரும் வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு செல்லலாம்.

சிகிச்சை தொடங்கியபின் அவசரப்படுத்துவது பல்லுக்குக் கேடு. மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் பல நேரங்களில் 4 குழாய்கள் (வேருக்குள் கூழ் ஓடும் மெல்லிய பாதைகள்) இருக்கும்; அவற்றில் ஒன்று தேடினால்தான் அகப்படும். ஊசியைப் போல் மெல்லிய அரங்களை உள்ளே விட்டு, வேரின் நீளத்தை அளந்து, சுவர்களைச் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் மீண்டும் மீண்டும் கழுவி, கடைசியில் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் பொருளால் அடைப்பார்கள். எச்சில் உள்ளே இறங்காதபடி பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுவதுண்டு. அதைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டாம். முதல் அமர்விலேயே வலி போய்விடுவதால் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தேய்ந்து எச்சில் கசிந்தால், சுத்தம் செய்த குழாய்களுக்குள் கிருமிகள் மறுபடியும் குடியேறிவிடும்.

என்னை இதை எழுத வைத்தது, சிகிச்சை முடிந்த பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் விஷயம்தான். என் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. கேப் போட வரச் சொல்லியிருந்தார்கள். வலிதான் இல்லையே, தீபாவளிச் செலவு முடியட்டும் என்று நாங்கள் தள்ளிப்போட்டோம். ஐந்தாம் மாதம் ஒருநாள் மாலை சீடையைக் கடித்தபோது டிக்கென்று ஓர் ஒலி கேட்டது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால், நாக்குப் பக்கத்துச் சுவர் முழுதாகப் பெயர்ந்து கிடந்தது. விரிசல் வேருக்குள்ளும் இறங்கியிருந்ததால் மீதிப் பல்லையும் எடுக்க வேண்டியதாயிற்று. பெரிதாக வலிக்கவில்லை என்றுதான் அம்மா அப்போதும் சொன்னார்.

சொத்தையும், குழாய்களை எட்ட மேலிருந்து திறந்த வழியும் சேர்ந்து பல்லை நான்கு மெல்லிய சுவர்களாக்கிவிடுகின்றன; மெல்லும் விசை அந்தச் சுவர்களை வெளிப்புறமாகப் பிளக்கப் பார்க்கிறது. எனவே கடைவாய்ப் பற்களுக்குக் கேப் போடுவதைச் சிகிச்சையின் கடைசிக் கட்டமாகவே கருதி, தொடக்கத்திலேயே அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். முன்பற்களில் சேதம் குறைவாக இருந்தால் நல்ல அடைப்பே போதுமானதாக இருக்கலாம்.

சிகிச்சை செய்த பல்லில் மீண்டும் தொல்லை வந்தால் உடனே பிடுங்கச் சொல்வதும் சரியல்ல. பழைய அடைப்பை எடுத்துவிட்டு மறுபடியும் சுத்தம் செய்ய வழி உண்டு. வேர் நுனியை மட்டும் வெட்டி எடுக்கும் சிறு அறுவையும் உண்டு. வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால்தான் பெரும்பாலும் பல்லைக் கைவிட நேரிடும். சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் கடிக்கும்போது வலிப்பது இயல்பே. கேப்பின் ஓரத்தில் புதிதாகச் சொத்தை விழுந்தால் அந்தப் பல் கூசிக் காட்டிக்கொடுக்காது என்பதால், அங்கே துலக்குவதில் கூடுதல் கவனம் வேண்டும். ஓர் ஆண்டு கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில், வேர் நுனியில் இருந்த கறுப்பு நிழல் சுருங்கி அங்கே எலும்பு நிரம்பிவருகிறதா என்று பார்ப்பார்கள். பல் வலிக்கவில்லை என்பதற்காக அந்த எக்ஸ்ரேயை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.