உளுந்துல கிராஸ் பண்ண பேரன்ட் எப்படி எடுக்கறது? (புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு)

உளுந்துல பூ விரியறதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள மகரந்தச் சேர்க்கை முடிஞ்சிரும், அதனால புதுக் கலப்பு வேணும்னா நாமதான் பண்ணணும். சிக்கல் என்னன்னா, நம்ம நாட்டுல வந்த நிறைய ரகத்தோட வம்சாவளியில டி9ங்கற பழைய உளுந்து ரகம் எங்கயாவது உக்காந்திருக்கும், பேருதான் வேற வேற, எல்லாம் சொந்தக்காரங்க. அதனால மொதல்ல விதை சேகரிக்கும்போதே வம்பன், ஆடுதுறை ரகங்களோட நாட்டு ரகம், வெளி மாநில ரகம்னு கலந்து எடுங்க, ஒவ்வொண்ணோட பெற்றோரையும் நோட்டுல எழுதிருங்க.

அடுத்து விதைப்பு. ஆர்பிடி டிசைன் (நிலத்த பிளாக்கா பிரிச்சு, ஒவ்வொரு பிளாக்லயும் எல்லா ரகத்தையும் குலுக்கல் முறையில போடறது), மூணு ரெப்ளிகேஷன் (அதாவது மூணு தடவ திரும்பப் போடறது), 30க்கு 10 செ.மீ இடைவெளி போதும். வெள்ளை ஈ பரப்பற மஞ்சள் தேமல் நோய் வந்த செடியை தனியா குறிச்சு வைங்க, வெள்ளை ஈ பண்ண வேலையை ஜீன் மேல போட்டுட்டா மொத்த டேட்டாவும் வீண்.

இப்போ டேட்டா எடுக்கறது, இங்கதான் பொறுமை வேணும். ஓரத்துச் செடிய விட்டுட்டு ரெப்ளிகேஷனுக்கு அஞ்சு செடி எடுத்து உயரம், கிளை, கொத்து, காய் எண்ணிக்கை, காய்க்கு எத்தனை விதை, நூறு விதை எடை, ஒத்தச் செடி மகசூல் எல்லாம் எழுதணும். காய் எல்லாம் ஒரே நாள்ல முத்தாது, முத்த முத்த பறிச்சு அந்தந்தச் செடி கவர்லயே போடுங்க. மகசூலை மட்டும் பாத்து செடி எடுக்காதீங்க, அது மண்ணுக்கும் தண்ணிக்கும் ஆடும், காயும் கொத்தும்தான் நம்பி எடுக்கற குணம்.

அனோவா (ரகங்களுக்குள்ள இருக்கற வித்தியாசம் நிஜமானதான்னு பாக்கற கணக்கு) போட்டுட்டு ஹெரிட்டபிலிட்டி (வித்தியாசத்துல மரபால வர்ற பங்கு), ஜெனடிக் அட்வான்ஸ் (தேர்வு பண்ணினா அடுத்த தலைமுறையில கிடைக்கற முன்னேற்றம்) ரெண்டும் சேந்து அதிகமா இருக்கற குணத்த பிடிங்க. அப்புறம் மஹாலனோபிஸ் 1936ல குடுத்த டி ஸ்கொயர் (ரகங்களுக்கு நடுவுல எவ்வளவு தூரம், அதாவது வித்தியாசம்னு அளக்கற கணக்கு) வச்சு, ஒண்ணுக்கொண்ணு கிட்ட இருக்கற ரகங்கள ஒரு கிளஸ்டரா பிரிங்க. தூரம் அதிகம்ங்கறதுக்காக மட்டும் விளைச்சலே இல்லாத ரகத்த பேரன்ட்டா எடுக்கறாங்க, அது வேஸ்ட்னு நான் சொல்வேன். தூரத்து கிளஸ்டரா இருக்கணும், அதுல நல்லா காய்க்கறதாவும் இருக்கணும்.

கிராஸுக்கு, மறுநாள் விரியப்போற மொட்ட சாயங்காலம் எடுங்க. உள்ள கீல் இதழ் (மகரந்தப்பை, சூல்முடியை மூடியிருக்கற படகு மாதிரி இதழ்) முறுக்கிக்கிட்டு இருக்கும், அத ஃபோர்செப்ஸால மெல்ல கிழிச்சு பத்து மகரந்தப்பையையும் எடுத்துட்டு, சூல்முடிய தொடாம விடணும். காலையில அப்பா செடி மகரந்தத்த தடவி நூல் கட்டுங்க. நிறைய மொட்டு உதிரும், அது சகஜம்.

அம்மா செடி முடியில்லாத காய், அப்பா முடியுள்ள காய்னு எடுத்தா சோதனை ஈஸி, எஃப்1 செடியில (கிராஸ் பண்ண விதையில முளைக்கற முதல் தலைமுறை) காய் முடியோட வந்தா கிராஸ் ஆயிருக்கு, இல்லன்னா அது செல்ஃப் (அம்மா செடி தன் மகரந்தத்துலயே காய்ச்சது), பிடுங்கிருங்க. எஃப்1 செடியில காய்க்கற விதையை செடி செடியா தனித்தனியா அறுவடை பண்ணி, அதுல வர்ற அடுத்த தலைமுறையான எஃப்2வ இடம் இருக்கற அளவுக்கு பெருசா போடுங்க.