துலிப் பார்க்க நெதர்லாந்து: முதலில் தேதியைப் பிடியுங்கள்

முதல் தடவை நான் போனது மார்ச் கடைசி வாரத்தில். விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான் காரணம். கியூகன்ஹாஃப் என்ற பெரிய பூந்தோட்டம் இருக்கும் லிஸ்ஸ ஊருக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். பச்சை, மறுபடி பச்சை, நடுவில் ஒரே ஒரு மஞ்சள் பட்டை. அந்த மஞ்சளும் டாஃபோடில் என்ற வேறு பூ. துலிப் எல்லாம் இலையை மட்டும் நீட்டிக்கொண்டு, "இன்னும் மூன்று வாரம் கழித்து வா" என்பதுபோல் நின்றிருந்தது.

அதனால் இந்தப் பயணத்தைத் திட்டமிடும் வரிசையே வேறு. முதலில் பூ, அப்புறம்தான் டிக்கெட்.

படி 1: தேதி

மார்ச் கடைசியில் குரோக்கஸும் டாஃபோடிலும். ஏப்ரல் தொடக்கத்தில் ஹயசிந்த். கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். வயல்களில் துலிப் முழுவீச்சில் இருப்பது பெரும்பாலும் ஏப்ரல் நடுவிலிருந்து மாதக் கடைசி வரை. குளிர்காலம் இதமாக இருந்தால் முன்னே வரும், கடுமையாக இருந்தால் பின்னே போகும். ஒரே ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால், ஏப்ரல் 15-க்கும் 25-க்கும் நடுவே வையுங்கள்.

ஏப்ரல் 27 அரசரின் பிறந்தநாள். ஊரே ஆரஞ்சு நிற உடையில் தெருவுக்கு வந்துவிடும், ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூத்தையும் பார்க்க ஆசையென்றால் சரி, பூ மட்டும் போதுமென்றால் அதற்கு முன் கிளம்பிவிடுங்கள். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நோர்ட்வெய்க்கிலிருந்து ஹார்லெம் வரை பூத்தேர் ஊர்வலமும் உண்டு. அழகுதான், ஆனால் அன்று கியூகன்ஹாஃப் பக்கம் நெரிசல் தாங்காது.

படி 2: விசா

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. கடைசிவரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே விண்ணப்பம் கொடுக்க நேரம் வாங்கிவிடுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் 10 வருடத்துக்குள் எடுத்ததாகவும், நீங்கள் திரும்பும் தேதிக்கு மேல் 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். பாரிஸையும் சேர்த்துச் சுற்றுகிறீர்களா? எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம்.

படி 3: தங்குமிடம்

எல்லோரும் ஆம்ஸ்டர்டாம் என்பார்கள். நான் லைடன் என்பேன். அளவான ஊர், கால்வாய்க் கரையில் நடந்தே எல்லாம் பார்த்துவிடலாம், கியூகன்ஹாஃப் தோட்டத்துக்கு 854 பஸ் நேராகப் போகிறது. (ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து 858.) இன்னொரு காரணமும் உண்டு. துருக்கிப் பக்கமிருந்து ஐரோப்பாவுக்கு வந்த துலிப்பை, கார்லஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் 1590-களில் வளர்த்தது லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில்தான். அந்தத் தோட்டத்தை இன்றும் பார்க்கலாம்.

பஸ், ரயிலுக்குத் தனி அட்டை தேடி அலைய வேண்டாம். வங்கி அட்டையைத் தொட்டு ஏறி, தொட்டு இறங்கலாம். இறங்கும்போது தொட மறந்தால் பணம் கூடுதலாகப் போகும்.

படி 4: தோட்டத்தில் ஒரு நாள்

கியூகன்ஹாஃப் என்றால் சமையலறைத் தோட்டம் என்று பொருள். 1950-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 32 ஹெக்டேர், ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கையால் நடும் சுமார் 70 லட்சம் கிழங்குகள், வருடத்தில் எட்டு வாரம் மட்டும் திறப்பு. ஒரே குழியில் கிழங்குகளை அடுக்கடுக்காக நடுகிறார்கள். மேலடுக்கில் குரோக்கஸ் முடிந்ததும் அடியிலிருந்து துலிப் கிளம்பும். அதனால் நீங்கள் தேதியில் கொஞ்சம் சறுக்கினாலும் தோட்டம் கைவிடாது, வயல்தான் கைவிடும்.

நுழைவுச்சீட்டில் தேதியோடு நேரமும் குறிக்கப்பட்டிருக்கும், இணையத்திலேயே வாங்கிவிடுங்கள். காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போது நிற்பது நல்லது, இல்லையென்றால் மாலை 4-க்கு மேல். நடுவில் சுற்றுலாப் பஸ்கள் வந்து கொட்டும். மழை பிடித்தால் வில்லெம்-அலெக்சாண்டர் கூடத்துக்குள் போய்விடுங்கள், துலிப் ரகங்கள் வரிசையாக உள்ளேயே இருக்கும். காற்றாலை மேடையில் ஏறினால் பின்பக்க வயல்கள் தெரியும். குடையை நம்பாதீர்கள், அந்தக் காற்று அதைத் திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி.

படி 5: வயலுக்கு சைக்கிள்

பயணத்தின் உயிர் இங்கேதான். தோட்ட வாசலருகே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பாதை சந்திக்கும் இடங்களில் எண் போட்ட பலகைகள் இருக்கும். போக வேண்டிய எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு அதன்படி மிதித்தால் போதும், வரைபடமே வேண்டாம். வலப்பக்கமாக ஓட்ட வேண்டும். இதை ஒருமுறை சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஏறுங்கள்.

வயலுக்குள் மட்டும் இறங்காதீர்கள். ஓரத்து வாய்க்கால்தான் எல்லை. செருப்பு மண்ணோடு நோயும் போகும் என்பது விவசாயிகளின் பயம், நியாயமான பயம்.

ஓரத்தில் நின்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். வரிசை வரிசையாகக் குனிந்து நடந்து, ஒவ்வொரு செடியாக உற்றுப் பார்க்கும் ஆட்கள் இருப்பார்கள். வைரஸ் தாக்கிய செடியைத் தேடிப் பிடுங்குகிறார்கள். இதழில் தீக்கொழுந்துபோல் கோடு விழுந்தால் அதுதான் அடையாளம். 1630-களில் அதே கோட்டுக்காகத்தான் பணக்காரர்கள் ஒரே கிழங்குக்குக் கொள்ளை விலை கொடுத்தார்கள். 1637 பிப்ரவரியில் விலை சரிந்தது. அது அசுவினிப் பூச்சி பரப்பும் நோய் என்று தெரியவந்தது 20-ஆம் நூற்றாண்டில்.

சோதனை முடிந்ததும் இயந்திரம் வந்து பூத்தலைகளைக் கொய்துவிடும். காலையில் சிவப்பாக இருந்த வயல் மாலையில் வெறும் பச்சை, வரிசைகளுக்கு நடுவே வாடும் இதழ்கள். பதற வேண்டாம். விற்பனைக்கு வளர்வது பூ அல்ல, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. பூவுக்குப் போகும் சத்தைக் கிழங்குக்குத் திருப்புகிறார்கள். ஆகவே நல்ல வயல் கண்ணில் பட்டால் அப்போதே நின்று படமெடுங்கள். நாளை வரலாம் என்று நான் விட்ட ஊதா வயல் மறுநாள் இல்லை.

படி 6: வாங்கி வருவது

கிழங்கு வாங்க ஆசை வரும். துலிப்புக்குப் பூக்க மாதக்கணக்கில் குளிர் வேண்டும், சென்னை மாடியில் அது நடக்காது. போதாததற்கு இந்தியாவுக்குள் கொண்டுவரத் தாவர நோய்ச் சான்றிதழும் கேட்பார்கள்.

பதிலாக, வந்த அன்றே சந்தையில் மொட்டு விரியாத ஒரு கட்டு வாங்குங்கள். கட்டை லேசாக அழுத்தினால் தண்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கீச்சிட வேண்டும், அதுதான் புதுசு. அறையில் டம்ளரில் வைத்தாலும் போதும். வெட்டிய பிறகும் வளரும் பூ இது. மூன்றாம் நாள் காலை பார்த்தபோது என் ஜன்னலோரக் கட்டு ஒரு விரல்கடை உயர்ந்து, வெளிச்சத்தின் பக்கம் கழுத்தைச் சாய்த்திருந்தது.