திரவச் சோப்பு அடைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சிறு ஆலைக்குப் போயிருந்தேன். பாத்திரம் கழுவும் திரவத்தைப் போத்தலில் அடைக்கத் தொடங்கியிருந்த இரண்டு இளைஞர்கள், தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே பிழைகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்துகொண்டிருந்தார்கள். கையுறை அணிவது, தொட்டியைக் கழுவுவது போன்றவற்றை எவரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நுரையின் மட்டத்தை நம்புதல்

மேலிருந்து ஊற்றினால் நுரை கழுத்துவரை வந்துவிடும். அதற்குக் கீழே திரவம் குறைவாகவே இருக்கும். நிரப்பும் முனை போத்தலின் அடிவரை இறங்கி, திரவம் உயர உயரத் தானும் மெல்ல எழ வேண்டும். அளவை எடைபோட்டே முடிவு செய்யுங்கள்: அடர்த்தி 1.03 என்றால் 500 மில்லிலிட்டர் 515 கிராம் இருக்க வேண்டும். அந்த அடர்த்தியையும் காற்றுக் குமிழிகள் முற்றிலும் வெளியேறிய மாதிரியில்தான் அளக்க வேண்டும். கலக்கிய உடனே அளந்தால் எண் குறைத்துக் காட்டும். அதை வைத்துக் கணக்கிட்ட எடையும் குறைந்து, வாங்குபவருக்குச் சேர வேண்டியது சேராது.

போத்தலைத் தண்ணீரால் சோதித்தல்

"அண்ணே, மூன்று நாள் தண்ணீர் நிரப்பித் தலைகீழாக வைத்துப் பார்த்தோம், ஒரு சொட்டும் கசியவில்லை" என்று அந்த இளைஞர்களில் ஒருவர் பெருமையோடு சொன்னபோது எனக்கு வந்த எரிச்சல் அவர்மீது வந்ததன்று. இதே சோதனையை நம்பி, ஒரு போத்தலுக்குச் சில காசு மிச்சம் என்பதற்காக, வேறொரு விற்பனையாளரிடம் நாங்கள் வாங்கிய போத்தல்களை நினைத்தேன். பார்வைக்கும் கனத்துக்கும் வேறுபாடே இல்லை. கீழே போட்டும் உடையவில்லை. ஆறு வாரம் கழித்துக் கிடங்கில் அடுக்கியிருந்த பெட்டிகளில் அடிவரிசை மட்டும் நனைந்திருந்தது. மூடிதான் காரணம் என்று எண்ணி மூடிகளை மாற்றி ஒரு வாரத்தை வீணாக்கிய பிறகே, போத்தலின் அடிவளைவில் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடியிருப்பதைக் கண்டோம். கடைகளுக்குச் சென்றவற்றையும் திரும்பப் பெற்றோம்.

இதைத் தகைவு விரிசல் என்பார்கள். சோப்பிலுள்ள சர்ஃபாக்டன்ட், அதாவது அழுக்கை நீக்கும் பொருள், போத்தலின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீனைக் கரைப்பதில்லை, அரிப்பதுமில்லை. அடுக்கின் பாரமோ வார்ப்பில் தங்கிய இறுக்கமோ எங்கே இருக்கிறதோ, அங்கே நுண்ணிய பிளவுக்குள் புகுந்து, பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. அடிவளைவு, கைப்பிடி, வார்ப்புத் தையல் ஆகியவையே முதலில் பிளக்கும். வெப்பம் இதை விரைவுபடுத்தும் என்பதால், குளிரூட்டப்படாத நம் ஊர்க் கிடங்குகளில் கூடுதல் கவனம் வேண்டும். தண்ணீரில் சர்ஃபாக்டன்ட் இல்லை. ஆகவே அதை மூன்று மாதம் ஊற்றி வைத்தாலும் இந்தக் குறை வெளிப்படாது.

பால் போத்தலுக்கு உகந்த, விறைப்பான ஹோமோபாலிமர் (எத்திலீன் மட்டுமே கொண்ட) வகை இதற்குத் தாங்காது. சோப்புக்கென்று உள்ள கோபாலிமர் (வேறொரு மூலப்பொருளும் சிறிது சேர்த்த) வகையையே கேட்டு வாங்குங்கள். மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கலந்ததென்றால் அது எந்தப் போத்தல்களிலிருந்து வந்தது என்றும் கேளுங்கள். விற்பனையாளர் ஏஎஸ்டிஎம் டி1693 என்னும் தகைவு விரிசல் சோதனையில் பிளாஸ்டிக் தாங்கிய மணிக்கணக்கைக் காட்டினால், அது 100 விழுக்காடு சர்ஃபாக்டன்ட்டில் எடுத்ததா, அதைவிடக் கடுமையான 10 விழுக்காடு கரைசலில் எடுத்ததா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் விற்கப்போகும் திரவத்தையே நிரப்பி, வழக்கமான இறுக்கத்தில் மூடி, மேலே பாரம் ஏற்றி, 60 பாகை வெப்பத்தில் வைத்து, ஏற்கெனவே நன்றாகத் தாங்கிய ஒரு போத்தலோடு ஒப்பிடுங்கள்.

மூடியின் இறுக்கம்

மூடிய உடனே அளந்தால் போதாது. 24 மணி நேரம் கழித்துத் திறக்கும் விசையையும் அளந்து குறித்து வையுங்கள்.

லேபிள்

குளிர் அறையிலிருந்து வந்த போத்தலில் ஈரம் படியும்; அது உலருமுன் ஒட்டாதீர்கள்.

குழாயில் தங்கும் நீர்

ஷாம்பு, முகக்களிம்பு போன்றவற்றுக்கு இது மிக முக்கியம். கழுவிய நீர் பம்பின் மூலைகளில் இரவு முழுதும் தேங்கினால் சூடோமோனாஸ் கிருமி அங்கே படலமாக ஒட்டி வளரும். மறுநாள் அந்த நீர் கலந்த திரவத்தில் கிருமி வளராமல் காக்கும் பதப்பொருளின் செறிவும் குறைந்துவிடுவதால், போத்தலுக்குள்ளும் அது பெருகும். இவ்வினத்தைச் சேர்ந்த சூடோமோனாஸ் எருஜினோசா அழகுசாதனப் பொருளில் இருக்கவே கூடாது. எங்கள் ஆலையில் குழாய்களைக் கழற்றிச் சரிவாகத் தொங்கவிட்டு உலர்த்துகிறோம்; காலையில் முதலில் வெளிவரும் திரவத்தை அடைக்காமல் தனியே ஒதுக்கிவிடுகிறோம்.